ஏழாம் எண் ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமே, அது எங்கிருந்தும் வராது. நாங்களேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். காலை எட்டரைக்கு அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எங்கள் லேப் டெக்னீஷியன்களில் மூத்தவர் அவர். ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. "இன்னைக்கு யாரு கைலா?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுக் கேட்பார். கையை நீட்டியவர்களுக்கு மற்றவர்கள் சேர்ந்து முட்டை போட்ட ரொட்டி சானாயும், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயும் கடையில் பார்சல் கட்டி, தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்து தர வேண்டும். அந்த ரொட்டிக்காகவே முதல் ஆளாகக் கையை நீட்டிய புண்ணியவதி நான்.

யார் நோயில்லாதவர் என்று எப்படி முடிவு செய்வோம்? ஒரு படிவம் இருந்தது. காய்ச்சல் இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, தெரிந்த வியாதி ஒன்றும் இல்லை என்று கோடு போட்டுக் கையெழுத்து வைப்போம். உண்மையில் எங்கள் அளவுகோல் அதைவிடச் சுலபமானது. காலையில் எழுந்து வேலைக்கு வந்திருக்கிறாயா? அப்படியென்றால் நீ நோயில்லாதவள். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் இதைப் பற்றி இரண்டாவது முறை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

எடுத்த ரத்தக் குழாய்களில் அக்கா பெயர் எழுத மாட்டார். எண் மட்டும் ஒட்டுவார். எந்த எண் யாருடையது என்பது அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அது பூட்டிய மேசைக்குள் இருக்கும். சோதனை செய்கிற எங்களுக்கு அது தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஆகவே தட்டில் இருப்பவற்றில் என் ரத்தம் எது என்று எனக்கே தெரியாது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் பி செல் என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. கிருமி வந்தால் அதைப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்பொருளைச் செய்வது அதன் வேலை. உதவி செல்கள் பக்கத்தில் வந்து தட்டிக்கொடுத்துவிட்டால் அதற்கு உற்சாகம் தாங்காது. ஒன்று பலவாகும், எதிர்ப்பொருளைச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கும். விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் சோறு வடித்துக்கொண்டே இருந்தால் எப்படி? யாராவது உள்ளே போய் "போதும்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கென்றே உடம்பில் சில செல்கள் உண்டு. அடக்கும் செல்கள் என்போம். எண்ணிக்கையில் கொஞ்சம்தான். உதவி செல்களுக்குப் போக வேண்டிய தூண்டுபொருளைத் தாங்களே உறிஞ்சிக்கொண்டு அவற்றைச் சோர வைக்கும். சில சமயம் பி செல்லையே நேராகத் தொட்டு அமைதிப்படுத்தும். இவை தளர்ந்துபோனால் பி செல்லுக்குத் தலைகால் புரியாது. சொந்த உடம்புக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்ய ஆரம்பித்துவிடும்.

ஆளுக்கு ஆள் இந்த அடக்கும் சக்தி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ரத்தத்திலிருந்து மூன்று வகை செல்களையும் பிரித்தெடுப்பேன். சிறு சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஒரு குழியில் பி செல்லையும் உதவி செல்லையும் மட்டும் விடுவேன். பக்கத்துக் குழியில் அவற்றோடு அடக்கும் செல்களையும் சேர்த்து விடுவேன். ஆறு நாள் வெதுவெதுப்பான பெட்டியில் இருக்கும். பிறகு அந்த நீரை எடுத்து, எவ்வளவு எதிர்ப்பொருள் சேர்ந்திருக்கிறது என்று நிறத்தை வைத்துப் பார்ப்போம். நிறைய இருந்தால் அடர் மஞ்சள். அடக்கப்பட்டிருந்தால் வெளிறிய மஞ்சள். நோயில்லாதவர்களின் இரண்டாவது குழி எப்போதும் வெளிறித்தான் இருக்க வேண்டும்.

அந்த வெதுவெதுப்பான பெட்டியை எனக்குப் பிடிக்கும். முப்பத்தேழு டிகிரி, வயிற்றுக்குள் இருக்கும் அதே சூடு. கதவைத் திறந்தால் ஈரமான சூடு முகத்தில் வந்து படும். ஞாயிற்றுக்கிழமையும் செல்களைப் பார்க்க ஓடுவேன். "போ போ, ஒன் புள்ளைங்க அழுவப் போவுது" என்று என் கணவர் கேலி செய்வார். கல்யாணமான புதிதில் அது கேலிதான். பிறகு அவர் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

நாங்கள் ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். அவருக்குக் கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில், தொழிற்சாலை வேலை. செய்து முடித்த பாகங்களைச் சோதித்து, தேறாததை ஒதுக்குகிற பிரிவு. காலை ஆறேகாலுக்குக் காடியில், அதாவது காரில், கிளம்பினால்தான் பாலத்து நெரிசலுக்கு முன்னால் அக்கரைக்குப் போக முடியும். நான் பஸ். அந்த பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள். எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தால் யாராவது ஒரு பிள்ளை வந்து உட்காராதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். உட்கார்ந்தால் அதன் பையின் கனம் என் முழங்கையில் இடிக்கும். எனக்கு அது வேண்டியிருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்குப் பிள்ளை வேண்டும் என்று இருந்த அளவுக்கு வேறு எதுவும் வேண்டும் என்று இருந்ததில்லை.

முதல் பிள்ளை எட்டு வாரம் இருந்தது. ஸ்கேனில் துடிப்பைக்கூடப் பார்த்தோம். அடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை. முதல் தடவை இப்படி ஆவது சகஜம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரண்டு வாரம் படுத்திருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அழுகையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இரண்டு மாதம் கழித்து ஒரு புதிய சோதனைக்கு அக்கா வாசலில் வந்து நின்றபோது, வழக்கம்போல் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். படிவத்தில் வியாதி எதுவும் இல்லை என்று கோடு போட்டேன். அது வியாதி என்று யார் நினைத்தார்கள்?

ஆறு நாள் கழித்துத் தட்டை எடுத்தால், எல்லார் குழியும் ஒழுங்காக வெளிறியிருக்கிறது. ஏழாம் எண் மட்டும் அடர் மஞ்சள். அடக்கும் செல்களைச் சேர்த்த குழியும் சேர்க்காத குழியும் ஒரே நிறம். என் கைத்தவறாக இருக்கும் என்று அடுத்த மாதம் எல்லாரிடமும் மறுபடி ரத்தம் எடுத்துச் செய்தேன். மறுபடியும் மஞ்சள். மூன்றாவது தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தேன். அதே மஞ்சள்.

எனக்குப் பொறுமை கம்மி. அந்த ஏழாம் எண் ஆளை நான் திட்டாத திட்டு இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் விளையாட்டுப் பார்த்துவிட்டு வருகிற எவனோ ஒருத்தன் என்று முடிவு கட்டினேன். கோப்பில் "சோதனைப் பிழை, நீக்கப்பட்டது" என்று எழுதினேன். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தலைவரான பேராசிரியரும் தலையாட்டிவிட்டார். நேராக அக்காவிடம் போனேன்.

"அந்த ஏழாம் நம்பர் ஆள இனிமே கூப்புடாதீங்கக்கா. ரத்தமா அது? என் தட்டையே கெடுக்குது."

அக்கா குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் நின்றது. "சரிலா, இனிமே கூப்புடல" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் ரத்தம் கேட்கவில்லை. நான் கையை நீட்டினாலும், "ஒனக்கு ரத்தம் கம்மி. சாப்ட்டு ஒடம்பத் தேத்து மொதல்ல" என்று தள்ளிவிடுவார். பிள்ளை போனவள் என்று பரிதாபப்படுகிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ரொட்டி போச்சே என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது பிள்ளை ஒன்பது வாரம் நான்கு நாள் இருந்தது. அது வந்ததே தெரியாமல் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் படி அத்தனையும் ஏறியிருந்தேன். பிள்ளை வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் ஏறினேன். அது போன பிறகு ஒரு நாள் என் கணவர், "படி ஏறாம இருந்திருக்கலாம்" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு படுத்தால் அந்தப் படிகள்தான் கண்ணுக்குள் வரும். மூன்றாவது பிள்ளை வந்தபோது நான் பஸ் ஏறவில்லை, காய் வாங்கப் பாசாருக்குப் போகவில்லை, ஒரு வாளித் தண்ணீர் தூக்கவில்லை. அது ஏழு வாரத்தில் போய்விட்டது.

இத்தனைக்கும் எனக்குப் பாடம் மனப்பாடம். கருவில் பாதி அப்பாவுடையது. தாயின் உடம்புக்கு அது முழுக்கத் தன்னுடையது அல்ல. அதை விரட்டாமல் ஏற்றுக்கொள்ளச் செய்வதில் இதே அடக்கும் செல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. புதிதாக வருகிற மாணவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்குகிறவளே நான்தான். விளக்கிவிட்டு வீட்டுக்குப் போய், படி ஏறியதை நினைத்து அழுவேன்.

எங்கள் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தோம். சென்ற ஆண்டு பதில் வந்தது. அதைப் படித்துப் பார்த்த நிபுணர் ஒருவர் கேட்டிருந்தார்: ஏழாம் எண்ணை ஏன் நீக்கினீர்கள்? மூன்று முறையும் ஒரே முடிவு வந்தால் அது பிழையா? அந்த நபருக்கு அதன் பிறகு ஏதாவது நோய் கண்டதா? சரியான கேள்வி. எனக்குத்தான் எரிச்சல். நோட்டைத் திறந்து அந்த ஆளைக் கண்டுபிடித்து விசாரிக்கும்படி பேராசிரியர் அக்காவிடம் சொன்னார்.

அன்று பிற்பகல் அக்கா என்னைச் சின்ன அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நோட்டு மேசை மேல் மூடியபடி இருந்தது.

"ஒக்காரு."

"யாருக்கா அந்த ஆளு? இன்னும் இங்கதான் வேல செய்றானா?"

"ஏழாம் நம்பர் நீதான்மா."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஏங்க்கா சொல்லல?"

"புள்ள போயி அப்பதான் ரெண்டு மூணு மாசம் ஒனக்கு. ஒடம்பு இன்னும் சரியாவல, அதான் ரத்தம் அப்பிடிக் காட்டுதுன்னு நெனச்சேன். பேரச் சொல்லவும் கூடாது, ரூல்ஸ்லா. நீ வேற அந்த ஆளத் திட்டிக்கிட்டே வந்து நின்ன. ஒன்னத்தான் திட்டிக்கிறன்னு எப்பிடிச் சொல்வேன்?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிருக்கணும். நான்தான் சொல்லிருக்கணும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழை என்று எழுதியது என் கை. மூன்று தடவை அது என் கண் முன்னால் வந்து நின்றது. இரண்டாவது பிள்ளையும் மூன்றாவது பிள்ளையும் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

அந்தத் தட்டு நோயின் பெயரைச் சொல்லாது; அப்படிச் சொல்கிற சோதனை இல்லை அது. இங்கே கொஞ்சம் பார் என்று மட்டும் சொல்லும். அக்காவே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எடுத்த ரத்தத்தில், சொந்த உடம்புக்கு எதிரான ஒரு வகை எதிர்ப்பொருள் இருந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் இருந்தது. டாக்டர் என்னைவிட இளையவர், மலாய்க்காரப் பெண். காகிதத்தில் நஞ்சுக்கொடியை வரைந்து காட்டினார். அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வளர்வதைக் கெடுக்கும். அங்குள்ள நுண்ணிய நாளங்களில் ரத்தத்தை உறைய வைக்கவும் செய்யும். பிள்ளைக்கு எதுவும் போய்ச் சேராது. உங்கள் அடக்கும் செல்கள் ஏன் பி செல்லை நிறுத்தவில்லை என்று என்னால் சொல்ல முடியாது, அது உங்கள் துறை என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. படி ஏறியதால் இருக்குமா என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, படிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

மருந்து இருக்கிறது என்றார். முன்கூட்டியே தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின். கரு தரித்தது தெரிந்த நாளிலிருந்து தினமும் வயிற்றில் ஓர் ஊசி. அந்த ஊசி மருந்தின் பெயர் எனக்குப் பழக்கமானது. ரத்தம் உறையாமல் இருக்க எங்கள் பச்சை மூடிக் குழாய்களுக்குள் தடவியிருக்கும் மருந்தின் இனம் அது. இத்தனை வருடம் மற்றவர்கள் ரத்தத்தை அதில்தான் பத்திரப்படுத்தினேன். நிச்சயம் என்று டாக்டர் சொல்லவில்லை. நிறையப் பேருக்குப் பிள்ளை தங்குகிறது, சிலருக்குத் தங்குவதில்லை என்றார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு முடிந்திருந்தது.

என் கணவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஏழாம் எண்ணை நான் தலைமுழுகியதையும் சேர்த்து.

"அப்ப படி இல்லியா?" என்றார்.

"இல்ல."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அன்னைக்கு அப்பிடிச் சொல்லிட்டு எனக்கே தாங்கல. மல அடிவாரத்து ரோட்டுல நான் காடி ஓட்டுறதே இல்ல, தெரியுமா? டவுனுக்குச் சுத்திக்கிட்டுத்தான் போறேன். ஒனக்கு அந்தப் படி கண்ணுல படக்கூடாதுன்னு."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நெரிசலுக்குப் பயந்து சுற்றுகிறார் என்று அதற்கும் அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

"நான்தாங்க தூக்கிப் போட்டேன்" என்றேன். "மூணு தடவ அதே மஞ்ச வந்துச்சு. ஏன்னு ஒரு தடவ கேட்டிருந்தா பின்னால வந்த ரெண்டு பேரும் இருந்திருப்பாங்க."

"நானும் அதே வேலதான பாக்குறேன். ஒரு பீஸ் தேறலன்னா ஒதுக்கிட்டு அடுத்தத எடுப்போம். ஏன் தேறலன்னு யாரு நின்னு கேக்குறா?" என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, "இன்னொரு தடவ பாப்போமா?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்டார். அவருக்கும் அவ்வளவு ஆசை இருந்தது. இத்தனை வருடம் என்னிடம் காட்டாமல் வைத்திருந்தார்.

கட்டுரையை மாற்றி எழுதினோம். ஏழாம் எண்ணைப் பிழைகளிலிருந்து எடுத்து நோயாளிகள் பட்டியலில் சேர்த்தது நான்தான். நோயாளிகள் படிவத்தை எனக்காக நானே நிரப்பினேன். எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். எத்தனை குழந்தைகள் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சைபரைப் போட அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படிவம் நிரப்ப ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எத்தனை பெண்களை இதே மேசை முன்னால் உட்கார வைத்து, சீக்கிரம் எழுதுங்கம்மா என்று அவசரப்படுத்தியிருக்கிறேன்! அன்றிலிருந்து யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

பத்து மாதம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் தள்ளும், ஆசை வரும், மூன்றாம் நாள் எல்லாம் கரைந்து போகும். முப்பத்தொன்பதாவது பிறந்தநாள் வந்து போனது. பிறகு வந்த ஒரு மாதத்தில் ஐந்து நாள் தள்ளியது. முன்பெல்லாம் பயந்துகொண்டு சோதித்துப் பார்க்காமல் தள்ளிப் போடுவேன். இந்தத் தடவை தள்ளிப் போட எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அன்றே பார்த்தேன், இரண்டு கோடு விழுந்தது. அன்றே டாக்டரிடம் போனோம்.

காலை ஐந்தே முக்காலுக்கு, பாலத்தைத் தாண்டிப் போவதற்கு முன்னால், என் கணவர் ஊசி போடுகிறார். நாள் முழுக்கக் குழாயும் ஊசியுமாக இருக்கிற எனக்கு என் வயிற்றில் குத்திக்கொள்ளக் கை வரவில்லை. வயிறு முழுக்க நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது. வலிக்குதா என்று தினமும் கேட்கிறார். வலிக்கத்தான் செய்கிறது. ஊசி போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு, போதும், விட்டுவிடுங்கள், இது நம்ம பிள்ளைதான் என்று என் செல்களிடம் சொல்கிறேன். சொன்னால் கேட்காது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தாலும் சொல்கிறேன். போன வாரம் துடிப்பு கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும். அவரும் வாயைத் திறக்காமல் என் மேசையில் ரொட்டியை வைத்துவிட்டுப் போகிறார்.

பெயர் யோசிக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அவர் யோசிக்கிறார், எனக்குத் தெரியும். நானும் யோசிக்கிறேன். காலையில் ஊசியைப் போட்டுவிட்டு, சுவரில் மாட்டிய காலண்டரில் அவர் ஒரு கோடு போட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வாரம் ஐந்து நாள். எங்களிடம் வந்த பிள்ளைகளில் யாரும் இவ்வளவு நாள் இருந்ததில்லை.